எச்சில் பட்ட பாஸ்வேர்டு

பாஸ்வேர்டு என்கிற சமாச்சாரமே இனி இருக்காதாம். கட்டைவிரலை வைத்தால் போதுமாம், இல்லையென்றால் முகத்தைக் காட்டினால் போதுமாம், எல்லாம் திறந்துகொள்ளுமாம். போன வாரம் ராயபுரத்தில் என் பழைய ஆபீசைச் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இதைச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, "அப்போ இத்தினி வருஷமா இங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க முனு சார்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

எனக்குக் கட்டைவிரல் உதவாது. காசிமேட்டில் ஐஸ் உடைத்தும், பிறகு கண்ட ஊர்களில் கண்ட பாரத்தைத் தூக்கியும் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் இன்றைக்கும் என்னை முனுசாமி என்று லேசில் ஒத்துக்கொள்வதில்லை. துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் இருக்கிற வரைக்கும் ஒரு சொல் தேவைப்படத்தான் செய்யும் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இது பதிலாகவும் இருக்கட்டும்.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விரட்டவில்லை, எனக்கு உட்கார வரவில்லை. ஐஸ் உடைத்தேன். லாரியில் கிளீனராக விஜயவாடா போனேன், திரும்பி வரத் தோன்றாமல் நாக்பூர் போனேன். அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவி மஞ்சள் காமாலை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கொஞ்ச காலம் மாட்டு வியாபாரி ஒருவரோடு சந்தை சந்தையாக நடந்தேன். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் இருந்தபோது இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியது. அது இன்னும் மடங்காது. அதற்குப் பிறகு போர்டு மாட்டுகிற வேலைக்குப் போனேன்.

அப்படி ஒரு போர்டு மாட்டப் போன இடம்தான் இந்த ஆபீஸ். கப்பலுக்குக் கயிறும் சங்கிலியும் விற்கும் கடைக்கு மேல் மாடி. நடத்தியவர் நசீமா மேடம். என்னைவிட வயதில் சின்னவர், கம்ப்யூட்டர் படித்தவர். நான் ஏணியில் நின்று ஆணி அடிக்கும்போது கீழேயிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தத் தெருவுல உங்களுக்கு எல்லாரையும் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதவங்க யாரும் இல்ல மேடம்," என்றேன். "அப்போ எறங்கி வாங்க, வேல இருக்கு," என்றார். போர்டு ஒரு பக்கம் சாய்ந்தபடி ரொம்ப காலம் தொங்கியது.

வெப்சைட் செய்து கொடுப்பதைவிட, செய்து கொடுத்ததைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். கல்யாண மண்டபம், கருவாட்டு மண்டி, லாரி புக்கிங், ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் பக்கத்து ஆட்கள். கம்ப்யூட்டருக்குள் செய்ய வேண்டியதை மேடம் செய்வார். கம்ப்யூட்டருக்கு வெளியே செய்ய வேண்டியது என்னுடையது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போவேன். யார் வேலையை விட்டு நின்றார், அவர் கணக்கை மூடியாயிற்றா, அப்டேட் கேட்டதைச் செய்தார்களா, பேக்கப் வெளியே ஒரு காப்பி இருக்கிறதா என்று கேட்பேன். பேக்கப் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, குடிசை தீப்பிடித்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவாய் என்று திருப்பிக் கேட்பேன். ரேஷன் கார்டு என்பார்கள். அதில் ஒரு நகல் எடுத்து மாமியார் வீட்டில் கொடுத்து வைப்பதுதான் பேக்கப் என்பேன். எங்கள் பக்கம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பாஸ்வேர்டு அடிக்கப் போகிறார் என்றால் மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கீபோர்டைப் பார்க்காமல் இருப்பது மட்டும் இல்லை, நாற்காலியோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஒருவர் துணி மாற்றும்போது மற்றவர் திரும்பிக்கொள்வது மாதிரி. அந்தச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். பிறை, அமாவாசை, ராகு காலம், பல்லி விழும் பலன் எல்லாம் மேடத்துக்கு மனப்பாடம். "அடிச்சிட்டேன் மேடம்" என்று நாம் சொல்லும் வரை திரும்பமாட்டார். தப்பாக அடித்து மறுபடி அடித்தால் அவர் மறுபடியும் காலண்டர்.

இன்னொன்று அவருடைய எச்சில் கணக்கு. யாராவது பாஸ்வேர்டை வாயால் சொல்லிவிட்டால், அது நல்ல எண்ணத்தில் சொன்னதானாலும், எங்களிடமே சொன்னதானாலும், உடனே, "எச்சி ஆயிடுச்சு. மாத்துங்க," என்பார். ஒரு இடத்தில் போட்டதையே இன்னொரு இடத்தில் போட்டாலும் அதே வார்த்தைதான். கோபப்படமாட்டார், விளக்கம் சொல்லமாட்டார்.

தண்டையார்பேட்டையில் லாரி புக்கிங் நடத்தின ஜெகனிடம் இதனால் நடந்த கூத்து தெருவுக்கே தெரியும். நான் அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் எதிரே டீக்கடையில். கடைப் பையன் இங்கிருந்தே கத்துகிறான்.

"அண்ணா, பாஸ்வேர்டு இன்னா?"

"நம்ம பெரிய வண்டி நம்பருடா!"

பெரிய வண்டி வாசலில்தான் நிற்கிறது. முன்னாலும் பின்னாலும் நம்பர் மஞ்சள் பெயின்டில். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துப் படித்தார். நான் மேடத்துக்குப் போன் போட்டேன். "எச்சி," என்றார்.

ஜெகன், "யோவ் முனு, நாலு பேருக்குத் தெர்ஞ்சா இன்னாய்யா? அல்லாரும் நம்ம தோஸ்துங்கதானே?" என்றார்.

"தோஸ்துன்னா உன் பொட்டிச் சாவிய குடேன் பாப்போம்."

"அது வேற, இது வேற."

"இதுவும் அதேதான்யா!"

அடுத்த மாதம் சின்ன வண்டி நம்பருக்கு மாற்றியிருந்தார்.

இப்படியே ஓடியது. எனக்கு எந்த வேலையிலும் கால் தரிக்காது, ஆனால் இதில் தரித்தது. காரணம் இதுவும் சுற்றுகிற வேலைதான்.

இலவச வைஃபையைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டேஷனில், ஆஸ்பத்திரியில், டீக்கடையில் ஓசியில் கிடைக்கிறதை வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் எப்படிச் சொல்வது? மேடம் ஏதேதோ சொல்லிப் பார்த்தார், யார் தலையிலும் ஏறவில்லை. நான் மாட்டுச் சந்தையைச் சொன்னேன். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் கையை ஒரு துண்டுக்கு அடியில் விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்குப் பேரம் நடப்பது தெரியும், என்ன பேரம் என்று தெரியாது. வெப்சைட் விலாசத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் பூட்டுப் படம் இருந்தால் துண்டு போட்டிருக்கிறது, இல்லாவிட்டால் விலையைக் கத்திச் சொல்கிறோம். மேடத்துக்கு இது பிடித்துப் போனது. போகிற இடமெல்லாம் நான் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள்கூட விரலைப் பிடித்துப் பார்த்தார்கள்.

அந்தத் துண்டுக்கு இன்னொரு பாதி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது தேசப்பனால்.

தேசப்பன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மேஸ்திரி. நல்ல உயரம், பேச்சு குறைவு. அவரும் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ரத்ததானக் குழு ஒன்று நடத்தினார்கள். அவர்களுக்கு எங்கள் ஆபீஸ் இலவசமாக ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தது. அதில் பெரிதாக இருந்தது ஒரே ஒரு போன் நம்பர். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்படுகிறவர்கள் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள். தேசப்பன் எடுத்து, அந்தக் குரூப்பில் யார் இருக்கிறார் என்று பார்த்து, ஆளை அனுப்பி வைப்பார். ஒரு பைசா வாங்கமாட்டார்கள். வடசென்னையில் அவர் பேரைச் சொன்னால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார்.

ஒரு நாள் காலை, ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக தேசப்பன் படியேறி வந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"இன்னா மேஸ்திரி, யார்கிட்ட வம்பு?" என்றேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் சட்டயப் புட்ச்சிட்டான் நைனா. ரத்தம் வித்துத் துன்றியாடான்னு கேட்டான். சுத்தி அம்பது பேரு. நான் இன்னா சொல்றதுன்னே தெரில."

மேடம் வெப்சைட்டைத் திறந்தார். எல்லாம் அப்படியே இருந்தது, போன் நம்பர் மட்டும் வேறு. நான் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ரொம்ப மரியாதையான குரல். ரத்தம் தயார், ஆள் வருவதற்கு வண்டிச் செலவை மட்டும் முன்னாடியே அனுப்பிவிடுங்கள் என்றது. அனுப்பினவர்களுக்கு யாரும் வரவில்லை. அவர்கள் தேடி வந்து பிடித்தது தேசப்பன் சட்டையை.

"எப்போலேந்து?" என்றார் மேடம்.

தேசப்பன் தரையைப் பார்த்தார். "ரெண்டு மூணு நாளா எனுக்குப் போனே அடிக்கல மேடம். ஜனங்களுக்கு நோவு நொடி இல்ல போலக்கீதுன்னு சந்தோசமா இருந்தேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த நம்பரைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார். அதுதான் அப்போது முன்னால் நின்றது.

மேடம் எதைச் செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதே நிலைமையில் யாராவது மாட்டிக்கொண்டால் உதவும்.

யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் வெப்சைட்டைச் சாத்தினார். திருடன் உள்ளே நுழைந்து சாவியை மாற்றியிருந்தான். ஆனால் வெப்சைட் குடியிருக்கிற இடத்தின் சாவி தனி, அது எங்களிடம் இருந்தது. எல்லாப் பக்கத்தையும் மூடிவிட்டு ஒரே ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டார். அதில் சரியான நம்பர், அதற்குக் கீழே, "ரத்தத்துக்கு நாங்கள் பணம் கேட்பதில்லை. வண்டிச் செலவுக்கும் கேட்பதில்லை." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் தேசப்பன் போன் அடித்தது. எர்ணாவூரிலிருந்து ஒருவர், சம்சாரத்துக்கு ஆபரேஷன், விடிந்ததிலிருந்து வேறு யாரோ எடுத்து ஏமாற்றுகிறார் என்று அழுதார். தேசப்பன் அங்கேயே நின்று இரண்டு பேருக்குப் போன் செய்து ஆளை அனுப்பினார். அந்த வேலையில் இருக்கும்போது மட்டும் அவர் முகம் பழையபடி இருந்தது.

பிறகு மேடம், "இப்போ மெயில்," என்றார்.

"மெயில்ல இன்னா மேடம் கீது? வெப்சைட்ட பாருங்க."

"மெயில்தான் தாய்ச்சாவி. மத்த எந்தச் சாவி தொலஞ்சாலும் புதுசு அங்கதான் வருது. அவன் அங்க குந்திகினு இருந்தா நாம இங்க எத்தினி பூட்டு மாத்தினாலும் வீண்."

மெயிலில் யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதில் தேசப்பன் போனைத் தவிர இன்னொரு கம்ப்யூட்டரும் இருந்தது. போன வாரம் நுழைந்திருக்கிறது. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று மேடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தேன், போனில் நெட் தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரி பேரிலேயே ஓசி வைஃபை காட்டியது, போட்டேன் என்றார் தேசப்பன். மெயிலும் பாஸ்வேர்டும் கேட்டதாம், கொடுத்தாராம். நாங்கள் பிறகு விசாரித்ததில் அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வைஃபையே கிடையாது. யாரோ வராந்தாவில் அதே பேரில் ஒன்றை வைத்து வலை போட்டிருக்க வேண்டும். "இதுதான்னு சத்தியம் பண்ணமாட்டேன், ஆனா இதாத்தான் இருக்கணும்," என்றார் மேடம்.

"நைனா சொன்ன பூட்டுப் படம் இருந்துச்சே மேடம்," என்றார் தேசப்பன். "நான் பாத்துட்டுதான் அட்ச்சேன். துண்டு போட்டுதான் இருந்தாங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கேட்டார், "துண்டு சரி மேஸ்திரி. துண்டுக்குள்ள இருந்த கை யாருது?"

அதுதான் மறுபாதி. திருடனும் துண்டு போடுவான். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது என்பதற்குத்தான் துண்டு, எதிரே நிற்பவன் யோக்கியன் என்பதற்கு இல்லை. அதற்குப் பிறகு நான் போகிற இடத்தில் எல்லாம் மூன்று விஷயம் சேர்த்துச் சொன்னேன். விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படி. வைஃபை கொடுக்கிறவன் உன் மெயில் பாஸ்வேர்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடு, தண்ணீர்ப் பந்தலில் யாரும் பீரோ சாவி கேட்பதில்லை. முக்கியமான வேலைக்கு உன் போன் நெட்டையே போடு, பழைய வைஃபை பேரையெல்லாம் போனிலிருந்து அழித்துவிடு, இல்லாவிட்டால் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

மேடம் மெயிலில் புது பாஸ்வேர்டு கேட்கிற இடத்தைத் திறந்து, போனைத் தேசப்பன் கையில் கொடுத்தார். நாற்காலியோடு திரும்பி, காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். தேசப்பன் அடிக்கவில்லை.

"மேடம், பழசே இருக்கட்டுமே. கடேசில ஒரு நம்பர் சேத்துக்கறேன்."

"இல்ல மேஸ்திரி. வேற புதுசு," என்றார் மேடம், சுவரைப் பார்த்தபடி.

"முன்னாடி ஒரு எழுத்த மாத்திக்கறேன்."

"அது எச்சி ஆயிடுச்சு. மெயிலுக்கும் அதே, வெப்சைட்டுக்கும் அதே. குழுவுல எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு, ஒரு டீய பாதி பாதியா குடிக்கற மாதிரி. இப்போ அவன் வாயிலயும் பட்டுடுச்சு. விடுங்க அத."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாய்யா பேஜாரு பண்ற? உன் மானம் மருவாதி நடுத்தெருவுல கெடக்குது. ஒரு வார்த்தைய மாத்தறதுக்கு இவ்ளோ யோசனயா?"

தேசப்பன் என்னைப் பார்க்கவில்லை. மேடத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "எச்சி, எச்சின்னு சொல்லாதீங்க மேடம். அந்த வார்த்தைக்கு எங்க தாத்தன் ஊர்ல அடி வாங்கிகீறாரு. செரட்டைல டீ குட்ச்சவங்க நாங்க. எனுக்கு அது புடிக்காது."

கீழே கடையில் சங்கிலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

மேடம் திரும்பாமலே பேசினார். ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். "எங்க வூட்டுக் கல்யாணத்துல சஹன்னு பெரிய தட்டு வெப்பாங்க மேஸ்திரி. நாலு பேர் சுத்தி குந்திகினு ஒரே தட்டுல கை வெச்சு சாப்டுவோம். சோத்துல எச்சி கிடையாது. உங்க குழுவுல யார் ரத்தம் யாருக்குப் போகுதுன்னு ஒருநாளும் நீங்க கேட்டதில்ல. ரத்தத்துலயும் எச்சி கிடையாது. பூட்டுக்கு மட்டுந்தான் நான் அந்த வார்த்தைய வெச்சிகினு இருந்தேன். உங்களுக்கு வலிச்சா இனிமே அதுக்கும் வேணாம்."

தேசப்பன் போனை மேசைமேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கஸ்தூரி," என்றார். "அதான் மேடம் பாஸ்வேர்டு. எந்தங்கச்சி. பிரசவத்துல ரத்தம் கெடைக்காம செத்துப் பூட்டா. அதுக்குதான் இந்தக் குழுவே. வூட்ல அந்தப் பேர எடுக்க முடியாது, எடுத்தா அம்மா ஒரு வாரம் சோறு துன்ன மாட்டா. அது எந்தங்கச்சி பேருன்னு பசங்க எவன்கிட்டயும் சொன்னதில்ல. காலைல எந்திரிச்சு ஒரு தபா, ராத்திரி படுக்கச்சொல்ல ஒரு தபா, இந்த மெயில்ல அடிப்பேன். அத்தயும் அழிக்கச் சொல்றீங்க."

இத்தனை வருஷத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் அதைப் பார்த்தேன். பாஸ்வேர்டு அடிக்கும் முன்பே மேடம் நாற்காலியைத் தேசப்பன் பக்கம் திருப்பினார். யாரோ பாஸ்வேர்டை வாயால் சொல்லியும், மாற்றுங்கள் என்று சொல்லாமல் இருந்ததும் அன்றைக்குத்தான்.

"நல்ல பேரு," என்றார்.

பிறகு கேட்டார், "பேரு எதுக்கு மேஸ்திரி?"

"கூப்டறதுக்கு."

"பாஸ்வேர்டு யாருமே கூப்டாத சொல்லா இருக்கணும். பேரு நாலு பேர் வாயில வந்துகினே இருக்கணும். நீங்க ரெண்டையும் மாத்தி வெச்சிட்டீங்க. கஸ்தூரிய பூட்டுல வெக்காதீங்க, வாசல்ல வெய்ங்க. குழுவுக்கே அந்தப் பேர வெச்சா இன்னா?"

"அம்மா…"

"அத்த நீங்கதான் அவங்களக் கேக்கணும். நான் சொல்ல முடியாது." சொல்லிவிட்டு மறுபடி காலண்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இப்போ அடிங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு வார்த்தைய கோத்து அடிங்க. உங்களுக்கு மட்டும் சிரிப்பு வர்ற மாதிரி இருந்தா மறக்காது."

தேசப்பன் அடித்தார். என்ன அடித்தார் என்று எனக்குத் தெரியாது. நானும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்ததும் லேசாகச் சிரித்தது காதில் விழுந்தது.

மிச்ச வேலை அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓடியது. மெயிலில் நுழைந்திருந்த எல்லாக் கம்ப்யூட்டரையும் போனையும் வெளியேற்றினார் மேடம். போனுக்கு வரும் நம்பரையும் போட்டால்தான் திறக்கும் என்று இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தார். வெப்சைட்டில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்தால், யாருக்கும் தெரியாத ஒரு பேரில் ஒருவன் நிர்வாகியாக உட்கார்ந்திருந்தான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால், அந்த ஆள் மறுநாளே பின்வாசல் வழியாக வந்திருப்பான். அவனை நீக்கி, வெளியே வைத்திருந்த பழைய பேக்கப்பை எடுத்து, வெப்சைட்டை முழுசாகப் புதிதாக ஏற்றி, நின்றுபோயிருந்த அப்டேட்களையெல்லாம் போட்டார். போலீசில் சைபர் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் அந்த நம்பரை முடக்கினார்கள். ஆளைப் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் பங்கு. அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே லைனை ஒட்டி ஒரு சின்ன வீடு, உள்ளே புத்தர் படம், வாசலில் அவர் அம்மா தனம்மாள் காய்ந்த சென்னாக்குன்னி இறாலை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தன் அடிக்கும்போது மற்றவர்களைத் திரும்பச் சொன்னேன். அறை சின்னது, எல்லாரும் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "இன்னாடா, அல்லாருக்கும் பனிஷ்மென்ட்டா?" என்று தனம்மாள் வாசலிலிருந்து கேட்டார்.

எல்லாரும் போன பிறகு தேசப்பன் அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினார். நான் எழுந்து போகப் பார்த்தேன், கையைப் பிடித்து உட்காரவைத்தார். நடந்ததைச் சொன்னார். சட்டை கிழிந்ததைச் சொன்னார். பூட்டில் என்ன வைத்திருந்தேன் என்று சொன்னார்.

தனம்மாள் கையை நிறுத்தவில்லை. சென்னாக்குன்னியில் தூசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுசும் போகும் வரை யாரும் பேச முடியாது. போன பிறகு சொன்னார்.

"தெனம் ரெண்டு தபாவா?"

"ஆமாம்மா."

"எனுக்கு இல்லாம நீ மட்டும் கூப்ட்டுகினு இருந்தியாடா?"

தேசப்பனுக்குப் புரியவில்லை.

"நான் எடுத்தா நீ ஒடஞ்சி பூடுவேன்னு நான் வாய மூடிகினு கெடந்தேன். சோறு எறங்காதது அவ பேர கேட்டு இல்லடா. உம் மூஞ்சியப் பாத்து."

அவ்வளவுதான் அங்கே பேச்சு. பிறகு தனம்மாள் எழுந்து போய் எங்கள் மூன்று பேருக்கும் டீ போட்டார். மூன்று டம்ளர்தான் அந்த வீட்டில் இருந்தது, ஒன்றில் விளிம்பு நசுங்கியிருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு, "உம் மேடம்காரிய ஒருநா இட்டுகினு வா," என்றார். இட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குத் தனம்மாள் ஒரே தட்டில்தான் சோறு போட்டார். சஹன் கதையைப் பிள்ளை சொல்லியிருக்க வேண்டும்.

குழுவுக்கும் வெப்சைட்டுக்கும் கஸ்தூரி பேர் வந்தது. மேடம் எச்சில் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. யாராவது பாஸ்வேர்டை வாயால் சொன்னால், "பேரா அது?" என்று கேட்பார். இல்லை என்றால், "அப்போ ஏன் கூப்டறீங்க?" என்பார். லாரிக்கார ஜெகனுக்கு மட்டும் அது புரியவில்லை. அவர் லாரிக்கும் பேர் வைத்துவிட்டார்.

கண் மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டேன். இப்போது பாஸ்வேர்டே இல்லாமல் போகிறது என்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். பூட்டு எதுவானாலும், துண்டுக்குள் இருக்கிற கை யாருடையது என்று கேட்கிற வேலை மிச்சமிருக்கும். அதை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சுற்றுகிற கால் நிற்கவில்லை. போன வாரம் ஆபீசிலிருந்து வந்ததற்கு மறுநாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் ஒருவர் ஏறி என் எதிரே உட்கார்ந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. போனில் ஒரு நம்பரை அழுத்தினார், சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். யார்டில் போன் எடுக்க முடியவில்லை என்று தேசப்பன் பகல் நேரத்தில் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போவது எனக்குத் தெரியும்.

"கஸ்தூரி. சொல்லு கண்ணு, இன்னா குரூப்பு?"

வயதான குரல். அவர் குரூப்பைச் சொன்னார், ஆஸ்பத்திரியைச் சொன்னார்.

"மதியத்துக்குள்ள ஆளு வந்துரும். ரத்தத்துக்கு எவன்னா காசு கேட்டா குடுக்காத. போனுக்கு நம்பர் வந்து அத்த எவன்னா கேட்டா சொல்லாத. புரிதா?"

"சரிங்கம்மா. ரொம்ப நன்றிம்மா. நீங்கதான் கஸ்தூரியா?"

ரயில் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"இல்ல கண்ணு, நான் அவ அம்மா. அவ வேலையா கீறா. நீ நோயாளி பேர சொல்லு."